முதுகில் ஒரு முடிச்சு

போன வாரக் கதையில் முதலாளியைக் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டோம். கவலை வேண்டாம், எழுந்துவிட்டார். எழும்போது நாற்காலியும் கூடவே எழுந்தது என்பதும், இரண்டு பிள்ளைகள் பிடித்து இழுத்து அதைக் கழற்றினார்கள் என்பதும் வீட்டுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் விஷயம்.

முதலாளி என்று நாம் சொல்வது, அந்த வீட்டின் இளைய மருமகளான சின்னவளுடைய கணவனின் அண்ணனை. பள்ளிக்கூடப் பை தைக்கும் கம்பெனி அவருடையது. சின்னவள் வேலை பார்ப்பது குழந்தைகள் உரிமைக்கான ஓர் அமைப்பில். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, எங்களோடு சேர்ந்து ஏதாவது செய்யுங்கள் என்று கேட்பதுதான் அவளுடைய உத்தியோகம். ஊரிலுள்ள கதவையெல்லாம் தட்டி விரல் வலித்த பிறகு, கடைசியில் சொந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அந்த அமைப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கம்பெனி கூட்டு சேர வந்தாலும், முதலாளியானவர் முதலில் அமைப்பின் விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பல பேர் இந்த இடத்திலேயே அவசர வேலை வந்துவிட்டது என்று நழுவிவிடுவார்கள். நம்மவர் உட்கார்ந்தார். பிள்ளைகள் 'நெட்டை' என்று கூப்பிடும் உயரமான பெண் ஒருத்தி, உங்கள் பையின் தோள்வாரை யார் தைக்கிறார்கள் என்று கேட்டாள். வார் தைக்கிற வேலையை வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறோம், அங்கே யார் தைக்கிறார்கள் என்று தெரியாது என்று அவர் உண்மையைச் சொன்னார். பிறகு போய்ப் பார்த்தார். பிள்ளைகள்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவர் ராத்திரி சாப்பிடவில்லை. அதெல்லாம் நடந்து சில மாதம் ஆகிறது; இப்போது எல்லா வாரும் தொழிற்சாலைக்குள்ளேயே, பெரியவர்கள் கையால் தைக்கப்படுகிறது.

இன்று மாலை தொடக்க விழா. கம்பெனி தைக்கும் ஒவ்வொரு பையின் உள்துணியிலும், ஆபத்தில் இருக்கும் பிள்ளை கூப்பிட வேண்டிய உதவி எண் அச்சாகி வரப்போகிறது. பையைத் திறக்கிற பிள்ளையின் கண்ணில் மட்டும்தான் அது படும். அடிக்கிற கை எதுவும் பள்ளிக்கூடப் பைக்குள் தலையை விட்டுப் பார்க்காது என்பது சின்னவளின் கணக்கு. அந்த யோசனை முழுக்க அவளுடையது.

அதனால் காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் திரும்பினாள். சீப்பைத் தேடினாள், அது தலையிலேயே இருந்தது. இத்தனைக்கும் மேடையில் பேச வேண்டியது அவள் அல்ல, அமைப்பின் தலைவி. முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் என்பதால் அவரை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவார்கள்.

சின்னவளின் கணவருக்கு வீட்டில் ஓவியர் என்று பட்டப்பெயர். அண்ணன் கம்பெனியில் விளம்பரம், அட்டை, சுவரொட்டி எல்லாம் வரைவது அவர்தான். கோடு போடுவது அவர் தொழில் என்றாலும், அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத தம்பி. அன்று காலை அவர் வழக்கத்துக்கு மாறாக முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு பஸ்ல வலது பக்கமா உக்காரு," என்றார்.

ஏன் என்று கேட்டாள். அந்தப் பக்கம் வெயில் அடிக்காது என்றார். வெளியே சூரியனைக் காணவே காணோம், ஒரே மேகம். இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டே கிளம்பினாள்.

வலது பக்கம்தான் உட்கார்ந்தாள். பேருந்து நிலையத் திருப்பத்தில், டயர் கடையின் மாடிக்கு மேலே, நேற்றுவரை வெறுமையாக நின்ற இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் துணியில் அச்சடித்து இழுத்துக் கட்டிய விளம்பரப் பலகை ஒன்று புதிதாக இருந்தது.

ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறாள். பையை மார்புப் பக்கமாக மாட்டியிருக்கிறாள். தோளைச் சுற்றி முதுகுக்கு வந்திருக்கும் இரண்டு வாரையும், கிழிந்த பச்சைத் துணி ஒன்று நடு முதுகில் சேர்த்துக் கட்டியிருக்கிறது. கீழே பெரிய எழுத்தில் 'கிளம்பியாச்சு!' அதற்கும் கீழே கம்பெனியின் தொலைபேசி எண்.

முதலில் சின்னவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் முடிச்சைப் பார்த்தாள். அது நெட்டையின் முதுகு. அந்தப் படத்தை எடுத்தது சின்னவள்.

மாதிரிப் பைகள் வந்த நாளில் விடுதி முற்றத்தில் எடுத்தது. நெட்டை பையை முன்பக்கம்தான் மாட்டுவாள். பயணத்தில் யாரோ பின்னாலிருந்து பையை அறுத்துக்கொண்டு போனதிலிருந்து அப்படி ஒரு பழக்கம். கழற்ற முடியாதபடி பின்னால் முடிச்சும் வேண்டும். தன் முதுகில் தானே கட்டிக்கொள்ள முடியுமா? யாராவது கட்டிவிட வேண்டும். இரண்டு சுற்று சுற்றி, ஒரு காதை உள்ளே செருகி, இன்னொரு காதை வெளியே விடுகிற முடிச்சு. தப்பாகக் கட்டினால் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வாள். அன்றைக்குக் கட்டிவிட்டவளும் சின்னவள்தான்.

குழந்தைகளின் முகம் தெரியும்படி படம் எடுக்கக்கூடாது, முதுகுப்பக்கமாக எடுக்கலாம் என்பது அமைப்பின் விதி. அந்த விதியைக் கம்பெனிகளுக்குப் படம் போட்டுப் பாடம் நடத்தியவள் சின்னவள். விதியை மீறி விழுந்தால் தன்னைத்தானே திட்டிக்கொள்ளலாம். விதிப்படி நடந்து பள்ளத்தில் விழுந்தால் யாரைத் திட்டுவது?

நெட்டையின் கதை நம் வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. அப்பா இல்லை. அப்பாவின் தம்பி, அதாவது சித்தப்பா, அவளை ஒரு வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டுக் கூலியைத் தான் வாங்கிக்கொண்டிருந்தான். அங்கிருந்து ஓடி வந்தவளைத்தான் பேருந்து நிலையத்தில் கண்டெடுத்தார்கள். அவளுடைய அம்மா எங்கேயோ போய்விட்டாள், பிள்ளைக்கு நான்தான் பொறுப்பு என்று சித்தப்பா குழந்தைகள் நல மன்றத்துக்கு வந்து மேஜையைத் தட்டிக் கத்திவிட்டுப் போனான். அடுத்த வாரம் விசாரணை. அதுவரை அவள் எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியக்கூடாது என்பது மன்றத்தின் கட்டளை. அவன் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. பேருந்து நிலையம், சந்தை என்று விசாரித்துக்கொண்டு திரிகிறான்.

விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்கு அவன் ஒரு போன் போட்டால் போதும். கம்பெனியைப் பிடித்தால் அமைப்பைப் பிடிக்கலாம், அமைப்பைப் பிடித்தால் விடுதியைப் பிடிக்கலாம்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓவியருக்குப் போன் செய்தாள்.

"பாத்தியா?" என்றார் எடுத்த எடுப்பிலேயே. குரலில் அப்படி ஒரு குழைவு.

அந்தப் படம் எப்படி வந்தது என்று கேட்டாள். முன்பு அவள் காட்டியது பிடித்துப்போய், அவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் போனிலிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று சொல்லவில்லையாம். முகம் தெரியவில்லை, பின்னாலிருந்த சுவரைக்கூட மாற்றிவிட்டேன், உங்கள் விதியில் ஒன்றைக்கூட விடவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அவளைத் தெரிஞ்சவங்களுக்கு முகம் எதுக்குங்க? இந்த ஊர்ல வேற யாரு பையை இப்படி மாட்டுறாங்க?"

ஊரில் நாலைந்து இடத்தில் வைத்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். எல்லாவற்றையும் உடனே இறக்க வேண்டும் என்றாள். அண்ணனைக் கேட்க வேண்டுமே என்றார். இவருக்கு மூச்சு விடவும் அண்ணனைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனாள்.

வாசலிலேயே ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். முதலாளியின் மனைவி, சின்னவள் அக்கா என்று கூப்பிடுகிறவள். கம்பெனியின் போனும் கணக்கும் அவள் கையில். அன்று காலையிலிருந்து ஒரு காதில் போன் ஒட்டிக்கொண்டே இருந்தது. முன்பக்கம் மாட்டுகிற புது மாடல் பை என்ன விலை என்று ஆளாளுக்குக் கேட்கிறார்களாம்.

"அப்படி ஒரு மாடலே இல்லைங்கறேன், அப்பவும் ரெண்டு குடுங்கறாங்க," என்றாள் அக்கா, போனைக் கையால் பொத்திக்கொண்டு. சின்னவளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

துணி வெட்டும் பெரிய மேஜைக்குப் பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். கையில் ஒரு துண்டு ஜிப். சந்தோஷமாக இருந்தாலும் கவலையாக இருந்தாலும் அதை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம். அன்று சந்தோஷத்தில் இழுத்துக்கொண்டிருந்தார். பையைத் தலைகீழாக மாட்டிய பெண்ணை வைத்து எவனாவது பை விற்பானா என்று போன வாரம் தம்பியைத் திட்டியவர், இப்போது அந்தப் படமே தன்னுடைய யோசனை என்று வெட்டுகிற தொழிலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னவள் விஷயத்தைச் சொன்னாள். தையல் இயந்திரங்களின் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஜிப் நின்றது.

முதலாளி கல்மனசுக்காரர் அல்ல. சித்தப்பன் எப்படிப்பட்ட ஆள், கை நீட்டுவானா என்றெல்லாம் கேட்டார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். நாளைக் காலை முதல் வேலையாக எல்லாவற்றையும் இறக்கிவிடலாம் என்றார். இன்றைக்கு வெளியூர் வியாபாரிகள் வருகிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் விழா மண்டபத்துக்கு வருவார்கள். காலையில் ஏறிய பலகை மத்தியானம் இறங்கினால், கம்பெனிக்கும் அமைப்புக்கும் சண்டை, கூட்டு முறிந்தது என்று பேசுவார்கள். பை எடுக்க மாட்டார்கள். பை போகாவிட்டால் உள்ளே அச்சடித்த எண் எந்தப் பிள்ளையிடம் போய்ச் சேரும்? சரக்குக் கிட்டங்கியில் கிடக்கும் என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சின்னவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒரு வருஷமாக அவள் நாயாய்ப் பேயாய் அலைந்தது இந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான். அதைத் தன் வாயாலேயே கெடுக்க வேண்டியிருக்கிறதே என்று அழுகை வந்தது. அழாமல், இன்றைக்கே இறக்க வேண்டும் என்று மறுபடியும் சொன்னாள்.

"நீ இப்ப நம்ம வீட்டு மருமகளாப் பேசுறியா, அந்த ஆபீஸ் ஆளாப் பேசுறியா?"

"ரெண்டும் இல்ல மாமா. போட்டோ எடுத்தவளாப் பேசுறேன்."

முதலாளி ஜிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார்.

ஓவியர் கதவருகில்தான் நின்றிருந்தார், எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தார். மூலையில் சாய்த்து வைத்திருந்த ஏணியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"எங்கடா போற?" என்றார் முதலாளி.

"இறக்கிட்டு வந்துடறேண்ணே."

"நான் நாளைக்குன்னு சொன்னேன்."

"கேட்டுச்சுண்ணே," என்றார் ஓவியர். ஏணியின் பின்முனை கதவில் இடித்தது, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

தம்பி தன் சொல்லைத் தட்டி முதலாளி பார்த்ததில்லை. திறந்த வாயை மூட மறந்து நின்றார். அக்கா போனை வைத்துவிட்டு எழுந்து வந்து வாசலைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது வருத்தம் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

சின்னவளுக்குக் காலையிலிருந்து இருந்த கோபமெல்லாம் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது. இந்த மனுஷனையா இத்தனை நாள் வாயில்லாப் பூச்சி என்று நினைத்தோம் என்று தோன்றியது.

கிளம்பும்போது வாசலில் அக்கா அவளை நிறுத்தினாள்.

"ஏண்டி, அந்தப் பொண்ணு என்ன சொல்றா?"

"எந்தப் பொண்ணு?"

"படத்துல இருக்கிறவதான், வேற யாரு? அவளைக் கேட்டியா?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லை. பிள்ளைகளைப் பற்றி எதை முடிவு செய்தாலும் அவர்களையும் கேட்க வேண்டும் என்று ஊரெல்லாம் போய்ப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் அவள். முதலாளியைக் குட்டி நாற்காலியில் உட்காரவைத்ததே அதற்காகத்தான். படம் எடுக்கும்போது கேட்கவில்லை. கணவரிடம் காட்டும்போது கேட்கவில்லை. பலகை ஏறியபோது யாரும் கேட்கவில்லை, இப்போது இறங்கும்போதும் கேட்கவில்லை. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது இதுதான்.

சரி, அவளிடம் போய் என்ன கேட்பது? ஆபத்து என்றால் முதலில் இறக்குவதுதானே முறை, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை.

விடுதிக்குப் போனபோது பள்ளிக்கூட வேன் திரும்பியிருந்தது. முற்றத்தில் பிள்ளைகள் காலணிகளை வரிசையாக வைப்பதாக நினைத்துக்கொண்டு எறிந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் மாலை விழாவுக்கான உடுப்பில் தயாராக இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விழா கிடக்கட்டும், மன்றத்துக்கு நானே இப்போதே சொல்லிவிடுகிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். பிறகு, அந்தப் பிள்ளையிடம் யார் சொல்வது என்று கேட்டார். இரண்டு பேருமாகப் போனார்கள்.

நெட்டை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் பையைக் கழற்றி வீசியிருக்க, அவள் மட்டும் இன்னும் மாட்டியபடியே இருந்தாள்.

சின்னவள் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தாள். உன்னை எடுத்த படம் ஒன்று, நம்மைக் கேட்காமல், வெளியே...

"பாத்தேன் மிஸ். காலைலயே வேன்ல போகும்போது பாத்தேன்."

வேனில் எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்களாம். ஓட்டுநர்கூட வேகத்தைக் குறைத்தாராம். நெட்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை மாதத்தில் அவள் பல்லை இப்படி முழுசாக யாரும் பார்த்ததில்லை.

"எங்கம்மா பாக்கணும்னுதானே வச்சீங்க?"

இல்லை, அது தவறு, உன் சித்தப்பா பார்த்துவிட்டால் ஆபத்து, அதனால் இறக்கச் சொல்லிவிட்டோம் என்று சின்னவள் எப்படியோ சொல்லி முடித்தாள்.

நெட்டை பயப்படவில்லை. ஒன்றும் தெரியாத சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலச் சின்னவளைப் பார்த்தாள்.

"சித்தப்பாவுக்கு என் முதுகு தெரியாது மிஸ். எங்க போனாலும் என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அவரு முன்னாடி போவாரு. ஒரு தடவைகூட என் பின்னாடி வந்ததில்ல. அம்மாதான் எப்பவும் பின்னாடி வருவாங்க. இந்த முடிச்சு அவங்க போட்டது. அவங்க துணியிலயே கிழிச்சுக் கட்டினது."

"அம்மா எங்கயோ போய்ட்டாங்கன்னு..." என்று டீச்சர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அது சித்தப்பா சொன்னது," என்றாள் நெட்டை. "எடுக்காதீங்க மிஸ்."

டீச்சரும் சின்னவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை சொல்கிறாள் என்பதற்காக அந்தப் பலகையை அப்படியே விட்டுவிட முடியாது. பிள்ளைதானே சொல்கிறாள் என்று தள்ளிவிடவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், நீ சொன்னதை அப்படியே மன்றத்தில் சொல்கிறேன், உன்னையும் பேசச் சொல்கிறேன், அவர்கள் முடிவு சொல்லும்வரை ஒன்றையாவது இறக்காமல் நிறுத்தி வைக்க முடியுமா என்று பார்ப்போம் என்றார். அது சரி என்று நெட்டை தலையாட்டினாள்.

சின்னவள் ஓவியரைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்க வேண்டும் என்று நெட்டை சொன்னதால், போனைப் படியில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"முடிஞ்சுது," என்றார் ஓவியர். மூச்சு வாங்கியது. "எல்லாத்தையும் இறக்கியாச்சு. பஸ் ஸ்டாண்டுதான் கடைசி, அதையும் இப்பத்தான் சுருட்டி வேன்ல போட்டேன்."

நெட்டையின் முகத்தைச் சின்னவளால் பார்க்க முடியவில்லை. சரி என்று மட்டும் சொன்னாள். ஓவியருக்கு அது போதவில்லை. பாவம், வாழ்க்கையில் முதல் தடவை அண்ணன் பேச்சை மீறியிருக்கிறார், இரண்டு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை என்றதும் தான் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். ஏணி எட்டவில்லை, டயர் கடைக்காரன் திட்டினான், கையில் கம்பி கிழித்துவிட்டது.

"இதுல ஒரு பொம்பளை வேற," என்றார். "கீழ இறக்கி வச்சு சுருட்டுறேன், ஒரு ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறா. கூரைக்குப் போட பழைய பேனர் கேப்பாங்கல்ல, அந்த மாதிரின்னு நினைச்சேன். குடுக்க முடியாதும்மா, இது ஒரு குழந்தையோட படம், வெளிய போகக்கூடாதுன்னு பொறுமையாத்தான் சொன்னேன். காதுலயே வாங்கல."

"அப்புறம்?" என்றாள் சின்னவள்.

"பேசவே இல்ல. அந்த முடிச்சு இருக்கற இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா. அழுதாளான்னுகூடச் சரியாத் தெரியல. அவ போத்தியிருந்த துணியும் பச்சைதான். ஓரம் கிழிஞ்சிருந்துச்சு." சொல்லும்போதே அவருக்கும் ஏதோ உறைக்க ஆரம்பித்திருக்க வேண்டும். "நான்தான் அவ விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்துவிட்டேன்."

டீச்சர் சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் எவனோ ஒரு பொடியன் காலணியைக் கூரைமேல் எறிந்துவிட்டு அதற்காக அழுதுகொண்டிருந்தான்.

நெட்டை படியில் குனிந்து, போனுக்கு வாயைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"அவங்க தனியா போனாங்களா?"

யாருடைய குரல் அது என்று ஓவியருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. "இல்லம்மா," என்றார். "ஒரு ஆள் வந்து கூட்டிட்டுப் போனான்."

"கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, அவரு முன்னாடி போனாரா?"

பதிலுக்கு வேன் கதவு திறக்கிற சத்தமும், ஓவியர் தெருவில் ஓடுகிற சத்தமும்தான் கேட்டது.

நெட்டை எழுந்தாள். பையின் வாரை இறுக்கிக்கொண்டு, பைக்குள்ளிருந்து பச்சைத் துணியை எடுத்துச் சின்னவளின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

"கட்டுங்க மிஸ். நானும் வரேன்."

வராதே என்று சொல்லத்தான் சின்னவள் வாயைத் திறந்தாள். இரண்டு சுற்று சுற்றினாள், ஒரு காதை உள்ளே செருகினாள். இன்னொரு காதை வெளியே விடுவதற்குள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நெட்டை திரும்பவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. சரியாக வரும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.